சுவிஸ் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு: இந்தக் கோடையில் சைக்கிளில் லாவோவுக்கு வாருங்கள்

அன்பான அக்காமார், அண்ணாமார், தம்பி தங்கையருக்கு,



பள்ளிக்கூடங்கள் மூடப்போகின்றன. சூரிச்சில் ஐந்து வாரம், நாங்கள் இருக்கும் வோ மாநிலத்தில் ஏழு வாரம் கோடை விடுமுறை. அந்த வாரங்களை நம்மவர்கள் எப்படிக் கழிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். லண்டனில் ஒரு கலியாணவீடு, பாரிசில் ஒரு சாமத்தியவீடு, வசதியுள்ளவர்களுக்குக் கனடா, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊர்ப் பயணம். எல்லாம் வேண்டியவைதான். உறவைப் பார்க்காமல் எப்படி இருப்பது? ஆனால் அந்த வாரங்களுக்குள் ஒரேயொரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, லோசானிலிருந்து ஷியோன் கோட்டை வரை, ஜெனீவா ஏரிக்கரையில் லாவோ திராட்சைத் தோட்டங்களின் ஊடாகச் சைக்கிளில் வாருங்கள்.

ஏன் இதை இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறேன்? ஏறத்தாழ 50,000 தமிழர் இந்த நாட்டில் வாழ்கிறோம். எண்பதுகளில் வந்த முதல் தலைமுறை உணவகச் சமையலறைகளிலும் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தது. வேலைக்குப் போகும் வழி, கோயிலுக்குப் போகும் வழி, தமிழ்க்கடைக்குப் போகும் வழி ஆகிய மூன்றும் எங்களுக்கு மனப்பாடம். இந்த நாட்டின் நிலத்தோடு மட்டும் நமக்குப் பழக்கம் வரவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை, கையில் காசும் இருக்கவில்லை. இப்போது பலருக்கு இரண்டும் கொஞ்சமாவது இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது பிறந்த நாடு. அவர்கள் தங்கள் நிலத்தை யாரிடமிருந்து அறிவார்கள்? நாம் கூட்டிப்போனால் நம்மோடு அறிவார்கள்.

பெர்னிலிருந்து லோசானுக்கு ரயிலில் வந்தவர்களுக்கு ஓர் இடம் நினைவிருக்கும். புய்டூ தாண்டி, சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே வந்ததும், இடப்பக்கம் முழுவதும் ஏரி திறந்துகொள்ளும். எதிர்க்கரையில் பிரான்சின் மலைகள். கீழே சரிவெங்கும் பச்சை வரிசைகள். தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பதற்குள் அது போய்விடும். ஏ9 நெடுஞ்சாலையில் காரில் வருகிறவர்களுக்கும் அதே கதிதான். சாலை தோட்டங்களுக்கு மேலே உயரத்தில் ஓடுகிறது. கால் மணி நேரத்தில் எல்லாம் பின்னால் போய்விடும். அந்தப் பச்சை வரிசைகள்தான் லாவோ. அதற்குள் நுழைய ஏற்ற வாகனம் சைக்கிள். தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒடுங்கிய சாலைகள் பலவற்றில் அங்கே வசிப்பவர்களும் தோட்டக்காரரும் மட்டுமே மோட்டார் வாகனம் ஓடலாம். சைக்கிளுக்குத் தடையில்லை. நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம்.

லாவோவை முதன்முதலில் பார்க்கும் தமிழருக்குக் கோயில் தீர்த்தக்குளத்தின் படிக்கட்டுகள்தான் நினைவுக்கு வரும். ஏரியின் மட்டம் கடலிலிருந்து 372 மீட்டர். மேலே இருக்கும் ஷெப்ர் என்ற ஊர் அதைவிட ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். இந்த உயரத்தைக் கல்மதில் கட்டி, மண் நிரப்பி, தட்டுத் தட்டாக்கி, ஒவ்வொரு தட்டிலும் திராட்சை நட்டிருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டு தொடங்கி, பெனடிக்டைன், சிஸ்டெர்சியன் துறவிகளின் மடங்கள் இந்தச் சரிவுகளை ஆண்ட காலத்திலிருந்து இந்த வேலை நடக்கிறது. இன்று மதில்களின் மொத்த நீளம் 400 கிலோமீட்டரைத் தாண்டும். இதற்காகத்தான் யுனெஸ்கோ 2007இல் லாவோவை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றுக்கொண்டது.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மதிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இடைக்கிடை சிறு துளைகள் இருக்கும். மழைநீர் மண்ணுக்குள் தேங்கி மதிலைத் தள்ளிச் சரித்துவிடாமல் வெளியேற விட்ட வழி அது. சில இடங்களில் மதிலிலிருந்து கற்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேல்தட்டுக்கு ஏறுவதற்கான படிகள் அவை. படிக்கென்று தனியே நிலத்தைச் செலவழிக்க மனமில்லாதவர்கள் கட்டியவை. மாலை ஆறு மணிக்கு அந்த மதிலில் கை வைத்தால் சூடு தெரியும். லாவோக்காரர் தங்கள் திராட்சைக்கு மூன்று சூரியன் என்பார்கள். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் இன்னொன்று, பகல் முழுவதும் வெயிலை வாங்கிவைத்து இரவில் விடும் மதில் மூன்றாவது. மூன்றாவது சூரியனை மனிதர் கையால் கட்டினார்கள். பலத்த மழைக்குக் கீழே வழிந்த மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, திரும்ப மேல்தட்டில் கொட்டினார்கள். இப்போது பெட்டி இழுக்கும் ஒற்றைத் தண்டவாளங்கள் சரிவில் ஏறுகின்றன, மருந்தடிக்க ஹெலிகொப்டர் வருகிறது. ஆனாலும் கவாத்தும் அறுவடையும் இன்னும் கை வேலைதான். இந்தச் செங்குத்தில் பெரிய இயந்திரம் நிற்காது.

"வைன் ஊரில் நமக்கென்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். குடிப்பழக்கம் நம் குடும்பங்களில் ஏற்படுத்திய காயம் எனக்குத் தெரியும். அதனால் பிள்ளைகளை அந்தப் பக்கமே காட்டாமல் வைத்திருக்க நினைக்கும் தாய்மாரின் மனமும் விளங்குகிறது. ஆனால் லாவோ ஒரு கமத்தொழில் பூமி. வெள்ளை வைனுக்கான ஷஸ்லா என்ற திராட்சை இங்கே முதன்மைப் பயிர். அதைப் பழமாகவும் சாப்பிடலாம். வைன் சுவைக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. திராட்சைச் சாறு கேட்டால் தோட்டக்காரர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். சுவைக்க விரும்பும் பெரியவர்களுக்கு ஒன்று: சாரதிகளுக்கு உள்ள 0.5 புரோமில் மது எல்லை சைக்கிள் ஓடுபவருக்கும் உண்டு. பிள்ளைகளோடு இறக்கத்தில் இறங்கப்போகிறவர் அன்று குடிக்காமலே இருப்பது நல்லது. போத்தலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சுவிஸ் வைனில் வெளிநாட்டுக்குப் போவது நூற்றில் ஓரிரு பங்குதான். மிச்சமெல்லாம் இங்கேயே விற்றாக வேண்டும். தோட்டக்காரரின் வாசலில் வாங்குகிறவர் அவருக்கு நேரடியாக உதவுகிறார்.

கமம் என்று சொன்னேன். நம் பெரியவர்களுக்கு அது புரியும். சென்ற கோடையில் எப்பேஸ் என்ற ஊருக்கு மேலே ஒரு குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். தோட்டத்தில் ஒருவர் பிஞ்சுக் குலைகளை வெட்டி நிலத்தில் போட்டுக்கொண்டு நின்றார். கொடிக்குக் கீழே பச்சைக் குலைகள் பரவிக் கிடந்தன. கூட வந்த தாத்தா, உரும்பிராய்க்காரர், மின்சாரச் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு குலையைக் கையில் எடுத்து விரலால் அமத்திப் பார்த்தார். "ஏன் வீணாக்கிறார் எண்டு கேள் பிள்ளை" என்றார். பேத்தி பிரெஞ்சில் கேட்டாள். பாதியை வெட்டினால் மிச்சம் நன்றாக முற்றும், மாநிலமும் இத்தனை சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று உச்ச அளவு வைத்திருக்கிறது என்று அவர் விளக்கினார். தாத்தா தலையாட்டினார். "எங்கட முந்திரிகைத் தோட்டத்தில வருசத்துக்கு ரெண்டு தரம் கவாத்து, ரெண்டு தரம் காய்ப்பு எண்டு சொல்லு." பேத்தி சொன்னதும் அந்த மனிதர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மதிலோரம் வந்துவிட்டார். பந்தல் எவ்வளவு உயரம், மண் என்ன நிறம், தண்ணீர் எங்கிருந்து என்று கேள்விமேல் கேள்வி. அந்தப் பிள்ளை செம்மண்ணையும் கிணற்றையும் பிரெஞ்சில் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். தன் தாத்தா திராட்சை பயிரிட்டவர் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டில் சோபாவில் இருத்தி "உன்ர தாத்தா ஊரில..." என்று தொடங்கினால் பிள்ளைகள் தொலைபேசியைப் பார்க்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். நிலத்தைப் பார்த்ததும் பெரியவர்களுக்குக் கதை தானாக வருகிறது. பிள்ளைகளுக்கும் கேட்க ஆசை வருகிறது. ஆகவே அம்மம்மா, அப்பப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். சைக்கிள் ஓட முடியாதவர்கள் ரயிலில் குய்யிக்கோ ரிவாவுக்கோ வந்து காத்திருக்கலாம். ஏரியோரமாக உள்ளூர் ரயில் லுத்ரி, வில்லெத், குய்யி, எப்பேஸ், ரிவா, சான் சஃபோரான் என்று ஊருக்கு ஊர் நின்று வெவேக்குப் போகிறது.

லாவோ நமக்குச் சொல்லும் இன்னொரு செய்தி வெவே நகரில் இருக்கிறது. அங்கே திராட்சைத் தோட்டத் தொழிலாளருக்கென்று நூற்றாண்டுகள் பழமையான ஒரு சகோதரத்துவச் சங்கம் உண்டு. அதன் நிபுணர்கள் தோட்டங்களுக்குப் போய், பிறருடைய நிலத்தில் உழைப்பவர்களின் வேலையைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். மிகச் சிறந்த தொழிலாளிக்கு முடிசூட்டத் தலைமுறைக்கு ஒருமுறை பெருவிழா எடுப்பார்கள். முதல் விழா 1797இல். கடைசியாக 2019இல் பன்னிரண்டாவது. 2016இல் யுனெஸ்கோ இதையும் மனிதகுலத்தின் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிலத்தின் சொந்தக்காரருக்கு அங்கே முடி கிடையாது. நிலத்தில் குனிந்து வேலை செய்தவருக்குத்தான் முடி. உழைத்தவர்கள் உள்ளூர்க்காரர் மட்டுமல்லர்: இத்தாலி, ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளிலிருந்து பருவகால அனுமதியில் வந்தவர்களும் இந்த நாட்டின் வயல்களிலும் கட்டடங்களிலும் உழைத்தார்கள். மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அந்தப் பருவகால அனுமதி 2002இல்தான் ஒழிந்தது. அனுமதிப்பத்திரத்தின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஆண்டுகளைக் கழித்த நமக்கு இந்தக் கதையை எவரும் விளக்கத் தேவையில்லை. உழைத்தவருக்கு மரியாதை செய்யும் ஊர் ஒன்று இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறியட்டும். தங்கள் அம்மா அப்பாவின் வேலையையும் அவர்கள் அந்தக் கண்ணால் பார்ப்பார்கள்.

இனித் தாய்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண்களுக்குச் சைக்கிள் புதிதா? வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில்தானே போனீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத குடாநாட்டைச் சைக்கிள்தான் சுமந்தது. நோயாளியை ஏற்றியதும் அதில்தான், விறகு கட்டியதும் அதில்தான். டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டுச் சாமானைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு இரவிரவாக நடந்தோம். நீதி கேட்டு ஜெனீவா ஐ.நா. முன்றல் வரை ஈருருளிப் பயணம் வந்தவர்களும் நம்மவர்களே. அப்படிப்பட்ட நம் பெண்களில் பலர் இங்கே வந்தபின் சைக்கிளைத் தொடவில்லை. குளிர், வேலை, பிள்ளைப்பேறு, "இந்த வயதில் என்ன" என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து அதை நிறுத்திவிட்டன. கால் மறக்கவில்லை, அக்கா. முதலில் ஏரியோரச் சமதரையில், லோசான் ஊஷியிலிருந்து லுத்ரி வரை ஓடிப் பாருங்கள். மேட்டுக்குப் பயமென்றால் வாடகைக்கு மின்சாரச் சைக்கிள் எடுக்கலாம். அதில் எந்த வெட்கமும் இல்லை.

வருகிறவர்களுக்குச் சில காரியங்கள். நாடு முழுவதும் சைக்கிள் பாதைகளுக்குச் சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். ஓர் இலக்கம் என்றால் தேசியப் பாதை, ஈரிலக்கம் பிராந்தியப் பாதை. ரோன் ஆற்றையும் ஜெனீவா ஏரியையும் ஒட்டிப் போகும் முதலாம் இலக்கத் தேசியப் பாதை லாவோவின் நடுவால் போகிறது. அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டால் வழி தப்பாது. லோசானிலிருந்து ஷியோன் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, ஏற்ற இறக்கம்தான் பெரிது. கரையோரப் பெருஞ்சாலை தட்டையானது. ஆனால் அதில் கார்கள் நிறைய ஓடும். பிள்ளைகளோடு தோட்டச் சாலையே நல்லது. இறக்கங்கள் செங்குத்து, கிளம்புமுன் எல்லாருடைய பிறேக்கையும் பார்த்துவிடுங்கள். தலைக்கவசத்தைச் சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். சைக்கிள் பாதை இல்லாத இடத்தில் 12 வயது வரையான பிள்ளைகள் நடைபாதையில் ஓடச் சட்டம் இடம் தருகிறது.

ரயிலில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டும். இன்டர்சிட்டி ரயில்களில் கோடையில் இடத்தையும் முன்பதிவு செய்ய வேண்டும். ஊர்களில் பொதுக் குழாய்த் தொட்டிகள் உண்டு. குடிக்கக் கூடாது என்று எழுதியிராவிட்டால் போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளிச்சாதமோ ரோல்ஸோ கட்டிவந்து கரையில் இருந்து சாப்பிடலாம். இங்கே உணவக விலை குடும்பத்துக்குக் கட்டாது. குப்பையைத் திரும்பக் கொண்டுபோங்கள். தோட்டத்துக்குள் பழம் பறிக்க வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் வருமானம், மருந்தும் அடித்திருக்கும்.

நீந்தப் போகிறவர்கள் கரையில் சுழலும் செம்மஞ்சள் விளக்கைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 தரம் மின்னினால் பலத்த காற்று வரக்கூடும். 90 தரம் மின்னினால் புயல் நெருங்கிவிட்டது. அக்கணமே தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். அமைதியாகத் தெரியும் இந்த ஏரி 310 மீட்டர் ஆழமானது. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை அன்றே பழக்குங்கள்.

கடைசியாக, எனக்கு முக்கியமானதைச் சொல்கிறேன். லாவோ தானாக மிஞ்சவில்லை. ஏரி பார்த்த நிலத்தில் வீடு கட்டினால் கொட்டும் காசு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். எழுபதுகளில் கட்டடங்கள் இந்தச் சரிவை விழுங்கப் பார்த்தன. ஃபிரான்ஸ் வெபர் என்ற சூழலியலாளர், வோ மாநிலத்தவர் அல்லர், பாசலில் பிறந்தவர், கையெழுத்துத் திரட்டி ஒரு முன்மொழிவை மக்கள் முன் வைத்தார். 1977இல் வாக்காளர்கள் லாவோவின் பாதுகாப்பை மாநில அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். 2005இல் மறுபடியும் வாக்களித்து உறுதி செய்தார்கள். 2014இல் வெபரின் மூன்றாவது முன்மொழிவு கடுமை கூடியது என்று நிராகரித்து, அரசின் மாற்றுத் திட்டத்தை ஏற்றார்கள். சைக்கிள் பாதையின் கதையும் அதுவே. 2018 செப்டம்பரில் இந்த நாட்டு மக்கள் 73.6 சதவீத வாக்கால் சைக்கிள் பாதையைக் கூட்டாட்சி அரசியலமைப்பில் சேர்த்தார்கள். 2023இல் அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் பார்க்கப்போகும் மதிலும் ஓடப்போகும் பாதையும் வாக்குச்சீட்டால் நிற்கின்றன.

அந்தச் சீட்டு நம் வீட்டுத் தபால்பெட்டிக்கும் வருகிறது. குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகள் பலர் அதைப் பிரிக்காமலே எறிகிறார்கள். வோ மாநிலத்தில் குடியுரிமை இல்லாதவரும், சுவிசில் பத்து ஆண்டும் மாநிலத்தில் மூன்று ஆண்டும் சட்டப்படி வாழ்ந்திருந்தால், தங்கள் ஊர்சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். இதை அறியாத தமிழர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நிலத்தை அதன் மேட்டில் மூச்சு வாங்கி ஏறி அறிந்தவர், அதைப் பற்றிய வாக்குச்சீட்டைக் குப்பையில் போடமாட்டார் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே தமிழ்ப் பாடசாலை நிர்வாகிகளே, விளையாட்டுக் கழகத் தம்பிமாரே, கோயில் தொண்டர்களே, ஆண்டுதோறும் ஒன்றுகூடல் வைக்கும் ஊர்ச் சங்கங்களே, இந்தக் கோடையில் ஓர் ஒன்றுகூடலை மண்டபத்துக்குள் வைக்காமல் லாவோவில் வையுங்கள். சைக்கிள் இல்லாதவருக்கு இருப்பவர் கொடுங்கள். ஓடத் தெரியாத பிள்ளைக்கு இந்த மாதமே பழக்குங்கள். பேரப்பிள்ளையின் பக்கத்தில் ஒரு தாத்தாவை, ஓர் அம்மம்மாவை ஓட விடுங்கள். இது நம் பிள்ளைகளின் நாடு. அவர்களோடு சேர்ந்து அதை அறிந்துகொள்வது நம் கடமை. தள்ளிப்போடாமல் வாருங்கள்.

அன்புடன்,
வோ மாநிலத்திலிருந்து உங்கள் சகோதரி